விரல் நுனிக்கும் ஓர் அரிச்சுவடி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், பார்வையற்ற குழந்தைகளுக்கு இனியும் பிரெயில் என்னும், விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தைக் கற்பிப்பது வீண் உழைப்பு என்றும், எந்தப் பாடத்தையும் செல்பேசியே படித்துக் காட்டிவிடும் இந்தக் காலத்தில் அந்தப் புள்ளிகளோடு பிள்ளைகளை ஏன் மல்லுக்கட்ட வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 34 ஆண்டுகள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில், அவற்றுள் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமாக, எழுத்து கற்பித்தவள் என்ற முறையிலும், குறைமாதத்தில் பிறந்து விழித்திரை பாதிக்கப்பட்டதால் பார்வையை இழந்த ஏழு வயதுப் பேத்தியின் ஆச்சி என்ற முறையிலும், அந்தக் கருத்தை மறுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. (குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்பதை எங்களுக்கு அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அது தனிக் கடிதத்துக்குரிய செய்தி.)

என் பேத்தியும் செல்பேசி பயன்படுத்துகிறாள். அதில் கதை கேட்கிறாள், பாட்டுக் கேட்கிறாள், என்னைவிட விரைவாக அதை இயக்கவும் செய்கிறாள். அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பது வேறு, படிப்பது வேறு. பார்வையுள்ள பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி நாள் முழுக்கக் கதை சொல்கிறது. அதற்காக அவர்களுக்கு எழுத்து வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லிக் கேட்டதில்லை. பார்வையில்லாத பிள்ளைக்கு மட்டும் காதால் கேட்பதே போதும் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ல, ள, ழ மூன்றையும் வேறுபாடு தெரியும்படி ஒலிப்பவர்களை எங்கள் ஊரில் எண்ணப் புகுந்தால் ஒரு கையின் விரல்களே மிஞ்சிவிடும். ரகரமும் றகரமும் அப்படித்தான். ந, ன இரண்டும் பேச்சில் காதுக்கு ஒன்றுபோலவே விழுகின்றன. எந்தச் சொல்லில் எது வரும் என்பதைப் பார்வையுள்ளவர்களுக்குக் கண்தான் கற்றுக்கொடுக்கிறது, கண் உதவாத இடத்தில் விரல்தான் கற்றுக்கொடுத்தாக வேண்டும். செவிவழியாக மட்டுமே மொழியைப் பெற்ற பிள்ளை எவ்வளவு அழகாகப் பேசினாலும், நாளைக்கு ஒரு விண்ணப்பத்தைத் தானே எழுத உட்காரும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பிறர் முகத்தை நாட வேண்டியதாகிவிடும்.

எங்கள் வீட்டில் மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதும் பொறுப்பைச் சென்ற ஆண்டு அவளிடம் கொடுத்தோம். துவரம்பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய், வெல்லம் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் பிரெயிலில் குத்திக்கொண்டே வந்தாள். முடித்ததும் தாளைத் திருப்பி வைத்து, முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிப் படித்தவள், நான்காவது வரியில் நின்றுவிட்டாள். விரலைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடியும் ஓட்டினாள். "ஆச்சி, கடைக்காரர்ட்ட வெள்ளம் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வெல்லத்தையும் வெள்ளத்தையும் அதற்கு முன் நூறு முறையாவது செல்பேசியில் கேட்டிருப்பாள். தான் செய்த பிழையைத் தானே பிடித்தது அன்றைக்குத்தான்.

பிரெயிலைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு பிரெயில் கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பக்கம் 4, 5, 6 என்றும் அவற்றுக்கு எண்கள். எவையெவை எழும்பியிருக்கின்றன என்பதைப் பொறுத்து 63 வடிவங்கள் கிடைக்கின்றன. எங்கள் பக்கத்தில் பாளையங்கோட்டையில் 1890-இலேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிவிட்டார் என்றாலும், நாட்டில் நெடுங்காலம் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு பிரெயில் முறை வழங்கிவந்தது. 1951-இல்தான் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக, ஒலியை அடிப்படையாகக் கொண்ட பாரதி பிரெயில் அமைந்தது. நம் 'க'வும் இந்தியின் 'க'வும் ஆங்கிலத்தின் 'கே'யும் விரலுக்கு ஒரே வடிவம். தமிழில் 'ல' என்பது இடப்பக்கத்து மூன்று புள்ளிகள், 'ள' என்பது வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். காதுக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் இரண்டும் விரலுக்கு எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

ஒன்றாம் வகுப்பில் என்னையும் பிள்ளைகளையும் படாதபாடு படுத்திய ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் எதுவும் பிரெயிலில் இல்லை. அச்சில் 'கொ' எழுத வேண்டுமானால் ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் நிறுத்திக் காவல் போட வேண்டும். பிரெயிலில் 'க'வை அடுத்து 'ஒ' எழுதினால் முடிந்தது, வாய் சொல்லும் வரிசையிலேயே கை போகிறது. மெய்யெழுத்துக்கு மட்டும், அச்சில் தலைமேல் வைக்கும் புள்ளிக்கான கட்டம் முன்னதாக வந்துவிடும். 'அம்மா' என்பது அ, புள்ளி, ம, ம, ஆ என்று ஐந்து கட்டங்கள். 247 எழுத்துகளை விழுந்து விழுந்து மனப்பாடம் செய்தவர்களுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் பொறாமைகூட வரலாம்.

ஆக, இந்த எழுத்து முறை அப்படியொன்றும் கடினமானதன்று. கடினமாகிப்போவதற்குக் காரணம், அது குழந்தையின் கைக்கு மிகவும் காலந்தாழ்ந்து வந்து சேர்வதுதான். பார்வையுள்ள பிள்ளை பள்ளிக்கு வருவதற்குள் எத்தனை எழுத்துகளைப் பார்த்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர், பிஸ்கட் உறையில் எழுத்து, சுவரில் கட்சி விளம்பரம், டீக்கடைப் பலகை, நாள்காட்டி, கல்யாணப் பத்திரிகை என்று மூன்றாண்டு நான்காண்டு எழுத்தின் நடுவிலேயே வளர்ந்துவிட்டுத்தான் அது வகுப்பறைக்கு வருகிறது. எழுத்து என்று ஒன்று இருக்கிறது, பெரியவர்கள் அதைப் பார்த்தால் ஏதோ சொல்கிறார்கள் என்பது அதற்கு முன்பே தெரியும். ஒன்றாம் வகுப்பில் நான் 'அ' போட்டபோதெல்லாம் முன்பே அறிமுகமான ஒருவரின் பெயரைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது பணியில் இருந்தவரை எனக்கு உறைக்கவில்லை. பேத்தி வந்த பிறகுதான் உறைத்தது. அவள் விரல் தொட்ட பிஸ்கட் உறை வழவழவென்று இருந்தது; பேருந்தின் நெற்றி அவளுக்கு எட்டவில்லை; நாள்காட்டி வெறும் தாள். ஆறு வயதில் பள்ளிக்கு அனுப்பி, முதல் நாளே புள்ளிகளைத் தொடச் சொல்லி, இரண்டாவது மாதத்தில் 'இந்தப் பிள்ளைக்குப் பிரெயில் ஏறவில்லை' என்று எழுதிவிட்டால் அது யாருடைய குறை?

எனவே, நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: பார்வையில்லாத குழந்தையின் கைக்கு மூன்று வயதிலேயே எழுத்து அறிமுகமாக வேண்டும், அது விளையாட்டாகவும் வீட்டுவேலையாகவும் கதையாகவும் வர வேண்டும். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதை அனுபவத்தில் கண்டதால் சொல்கிறேன்.

பேத்திக்கு மூன்று வயது முடிந்த சமயம், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். புத்தகம், பலகை என்று எதையாவது எடுப்பார் என நான் எதிர்பார்த்திருக்க, அவரோ வீட்டில் என்னென்ன பயறு இருக்கிறது என்று கேட்டார். முறத்தில் கொண்டைக்கடலையையும் மொச்சையையும் கலந்து போட்டு, இரண்டு தம்ளர்களில் பிரித்துப் போடச் சொன்னார். அது கைவந்ததும் துவரையும் பச்சைப்பயறும். பிறகு நிலக்கடலை உடைப்பது, உதிரிப் பிச்சிப்பூவை நாரில் தொடுப்பது, முறுக்கு நாழியை அழுத்துவது என்று அவர் கொடுத்துவிட்டுப் போன 'பாடங்கள்' எல்லாமே எங்கள் அடுக்களையில்தான் நடந்தன. பக்கத்து வீட்டார், 'படிக்கவைக்கச் சொன்னால் சின்னப் பிள்ளையை வேலை வாங்குகிறீர்களே' என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. பிரெயிலில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஒரு கட்டம் முழுவதும் விரல் நுனிக்குள் அடங்கிவிடும். பயறு பிரிக்கப் பழகாத விரலுக்கு அது வெறும் சொரசொரப்பு. கடலை உடைத்துப் பழகாத விரலுக்குப் பின்னாளில் பிரெயில் குத்தும் எழுத்தாணியை அழுத்த வலு இருக்காது. பூக்கட்டும்போது ஒரு கை பிடிக்க, மறு கை முடிய, இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. நன்றாகப் பிரெயில் படிப்பவர்களும் அப்படித்தான், வலக்கை ஒரு வரியின் முடிவை நெருங்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்திருக்கும்.

அவர் திருத்திய இன்னொரு பழக்கத்தையும் பெற்றோர்களுக்காகச் சொல்ல வேண்டும். எதைக் காட்டுவதானாலும் நான் பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைப்பேன். பார்வையுள்ள பிள்ளையின் தலையைப் பிடித்துத் திருப்பி 'இதைப் பார்' என்பதற்கு அது சமம் என்று அவர் சொன்னபோது எனக்கு நாணமாகப் போய்விட்டது. நம் கை கீழே இருக்க வேண்டும், பிள்ளையின் கை நம் கையின் மேல் ஏறிவர வேண்டும். நம் கை என்ன செய்கிறதென்று அது தெரிந்துகொள்ளும், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும். கனத்த தாளில் கம்பளி நூலை வரிவரியாக ஒட்டி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டிக் கொடுத்தார். நூலின் வழியே இடமிருந்து வலமாகப் போனால் பொத்தான் கிடைக்கும். அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம், "வெண்ணெயத் தொடுற மாதிரி தொடும்மா" என்றார். அந்த ஒரு சொல் எனக்குத் தெரிந்த கற்பித்தல் நூல்களில் எதிலும் இல்லை.

கையால் எழுத்துக் கற்பது நமக்குப் புதிதும் அன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதித்தான் நம் முன்னோர்கள் படித்தார்கள்; விஜயதசமியன்று இன்றும் பச்சரிசியில்தான் முதல் எழுத்து எழுதப்படுகிறது. பலகையும் பயிற்சிப் புத்தகமும் வந்த பிறகு நாம்தான் எழுத்தை முழுக்க முழுக்கக் கண்ணுக்கு எழுதிவைத்துவிட்டோம்.

ஆறு புள்ளிகளின் இடங்களை மனத்தில் பதியவைக்க எங்களுக்குக் கைகொடுத்தது பல்லாங்குழி. பலகையின் குறுகிய பக்கம் பிள்ளையை நோக்கி இருக்கும்படி நீளவாட்டில் வைத்தால் இரண்டு வரிசையில் ஏழேழு குழிகள் எதிரே போகும். பிள்ளைக்கு அருகில் இருக்கும் நான்கு இணைக் குழிகளை ஒரு துண்டால் மூடிவிட்டால் மிஞ்சுவது மூன்று இணைகள், அதாவது ஒரு முழுப் பிரெயில் கட்டம். புளியமுத்து நிறைந்த குழி எழும்பிய புள்ளி, வெறுங்குழி வெற்றிடம். இடப்பக்கம் மூன்றையும் நிரப்பினால் 'ல'. வலப்பக்கம் மூன்றையும் நிரப்பினால் 'ள'. ஒரே வாரத்தில் அவள் எனக்குச் சோதனை வைக்கத் தொடங்கிவிட்டாள். அதன் பிறகு ஆறு முட்டை வைக்கும் அட்டைப் பெட்டியில் எலுமிச்சங்காய்களை வைத்து விளையாடினோம். அதற்கும் அடுத்தது மாத்திரை அட்டை. காலியான அட்டையில் வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசைக் குமிழ்கள் இருக்கும்படி வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காதபடி பிளாஸ்திரி ஒட்டி, வேண்டாத குமிழ்களை அமுக்கிவிட்டால் சட்டைப்பைக்குள் அடங்கும் ஓர் எழுத்து கிடைத்துவிடும். என் இரத்த அழுத்த மாத்திரைகளால் குடும்பத்துக்கு விளைந்த ஒரே நன்மை இதுதான்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரிய கட்டத்திலேயே பிள்ளையை நெடுநாள் நிறுத்திவிடக் கூடாது. பல்லாங்குழியில் பிள்ளை புள்ளிகளை எண்ணுகிறது. தாளில் எண்ணக் கூடாது, வடிவத்தை ஒரே தொடுதலில் அறிய வேண்டும். எண்ணும் பழக்கம் ஊறிவிட்டால் பிறகு படிப்பு ஆமை வேகத்தில்தான் போகும். தாளில் இன்னொரு சிக்கலும் வரும். தனியாக ஒரு 'ல'வைக் குத்திக் கொடுத்தால், அது 'ல'வா 'ள'வா என்று எவராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் விரலுக்குத் தெரிவது மூன்று புள்ளிகள் கொண்ட ஒரு கோடு மட்டுமே. பக்கத்தில் ஆறு புள்ளிகளும் கொண்ட முழுக்கட்டம் ஒன்றைத் தூண் போல நட்டுக் கொடுத்தால் உடனே பிடிபட்டுவிடும். பார்வையுள்ளவர்கள் பாடம் தயாரிக்கும்போது இத்தகைய நுணுக்கங்களில்தான் சறுக்குகிறோம்.

சந்தைக்குப் போய்வந்த நாள்களில் புத்தகம் செய்தோம். அன்றைக்குத் தொட்டவற்றில் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள்: பேருந்துச் சீட்டு, வெங்காயச் சருகு, சாக்குத் துணியில் ஒரு துண்டு, வாழை நார். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டைகளைத் துளையிட்டு நூலால் கோத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பொருளை ஒட்டி, அதன் கீழே அவள் சொல்லும் வாக்கியம் ஒன்றைப் பிரெயிலில் எழுதுவோம். வெங்காயச் சருகுக்கு அவள் சொன்ன வாக்கியம், "இது சத்தம் போடும் சட்டை." அப்போது அவளுக்கு அந்த எழுத்துகளில் பாதிகூடத் தெரியாது. ஆனாலும் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, சருகைத் தொட்டுவிட்டுக் கீழே விரலை ஓட்டி, வரி முடியும் இடத்தில் சரியாக வாக்கியத்தையும் முடிப்பாள். பார்வையுள்ள குழந்தை படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பதுபோல நடிக்குமே, அதே நடிப்புத்தான். படிப்பின் முதற்படி அந்த நடிப்பு என்பது எந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் தெரியும். அந்தத் தெருப் பிள்ளைகள் இருவர் பிரெயிலில் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

படங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. பார்வையற்றோருக்கான பாடப்பொருள் என்றால், இருக்கிற படத்தின் விளிம்பில் நூலையோ பசையையோ ஒட்டி மேடாக்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் பலரிடம் காணப்படுகிறது. பள்ளியில் ஒருவர் மிகுந்த அக்கறையோடு பயிற்சி ஏட்டிலிருந்த பசுவின் படத்தைச் சுற்றிக் கம்பளி நூல் ஒட்டிக் கொடுத்தார். பேத்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கால் உடைந்த முக்காலி என்றாள். எதிர்வீட்டுப் பசுவின் ஈர மூக்கையும், அலைதாடியின் தொங்கலையும், அரம் போன்ற நாக்கையும் அறிந்தவள் அவள். பக்கவாட்டில் நின்று பார்க்கும் கண்ணுக்குத்தான் பசு தட்டையாக ஒரு கோட்டுக்குள் அடங்கும். கைக்கு எந்தப் பசுவும் தட்டையில்லை. பிறகு களிமண்ணில் நான்கு கால்களோடு ஒரு பசு செய்து, அதைத் தட்டில் பரப்பிய அரிசி மாவின் மேல் பக்கவாட்டில் படுக்கவைத்து மெல்ல அழுத்தி எடுத்தோம். மாவில் பதிந்திருந்த தடத்தைத் தொட்டதும், "பசு படுத்து எந்திரிச்சுப் போயிருச்சு" என்றாள். படம் என்றால் என்னவென்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. பொருள் முதலில், அதன் உரு அடுத்து, தடம் அதற்கடுத்து, கோடு கடைசியில் என்ற வரிசையை மாற்றினால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையை நாம் எத்தனை தலைமுறையாகக் கேலியாகச் சொல்லிவருகிறோம். அவர்களுக்கு யானையைச் சுற்றிவர நேரம் கொடுக்காதவனைப் பற்றி அந்தக் கதை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

முழுவதும் பார்வை இழக்காமல் ஓரளவு பார்வை உள்ள பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. கரும்பலகைக்கு முன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளை நானே என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் மந்தம் என்று நினைத்ததுண்டு. தடித்த கறுப்புப் பேனாவால் பெரிதாக எழுதுவது, கோடுகளைக் கருமையாக அடித்த ஏடு, புத்தகத்தை முகத்துக்கு நேராக நிமிர்த்தி வைக்க ஒரு சாய்மேசை, வெளிச்சம் முதுகுப்புறமிருந்து வரும் இடத்தில் இருக்கை என்பவற்றிலேயே அவர்களில் பலருக்குப் பாதித் தொல்லை தீரும்.

எழுதும் கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரெயில் சிலேட்டில் எழுத்தாணியால் குத்தும்போது தாளின் மறுபக்கத்தில்தான் புள்ளி எழும்புகிறது. ஆகவே வலமிருந்து இடமாக, எழுத்தையும் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும். தாளைத் திருப்பிய பிறகே எழுதியதைத் தொட்டுப் பார்க்க முடியும். அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் உருவாகி 1951-இல் வெளிவந்த ஆறு விசை எழுத்துப் பொறியில் இந்தத் தொல்லை இல்லை. அழுத்தியவுடன் எழுத்து விரலுக்குக் கிடைக்கும். தொடக்க நிலைப் பிள்ளைக்கு அதுவே ஏற்றது, ஆனால் அதன் விலை ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் இரண்டு மூன்று பொறிகளை வைத்து, நூலகப் புத்தகம் போலச் சில மாதங்களுக்கு வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாம்.

இனி அரசின் கவனத்துக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உறுதி கூறுகிறது. பாடநூல்களையும் கற்றல் கருவிகளையும் இலவசமாகத் தருவதையும், பிரெயில் அறிந்த ஆசிரியர்களை அமர்த்துவதையும் கடமையாக்குகிறது. நல்ல சட்டம். ஆனால் நான் மேலே எழுதியவை எல்லாம் 6 வயதுக்கு முன்னால் நடக்க வேண்டியவை. அந்த வயதுப் பிள்ளைகள் இருக்குமிடம் அங்கன்வாடி. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துப் பேணுவதற்கான நெறிமுறையை மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023-இல் வெளியிட்டிருக்கிறது. நெறிமுறை ஏட்டில் இருந்தால் போதாது; பார்வையற்ற குழந்தை சேரும் ஒவ்வொரு மையத்துக்கும் பயறும் நூலும் மணியும் பிரெயில் பெயர்ச்சீட்டுகளும் அடங்கிய ஒரு பையும், அதை எப்படிக் கையாள்வது என்று பணியாளருக்கு இரண்டு நாள் நேரடிப் பயிற்சியும் வேண்டும். அந்தப் பிள்ளையின் தட்டிலும் பாயிலும் பையிலும் அதன் பெயர் பிரெயிலில் ஒட்டப்பட்டாலே அது தன் முதல் சொல்லை நாள்தோறும் தொட்டுவிடும்.

பள்ளியைப் பொறுத்தவரை, தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பாட்டும் ஆட்டமும் அட்டைகளுமாக வகுப்பறைக்கு உயிர் வந்திருக்கிறது. ஆனால் 'படத்தைப் பார்த்துப் பெயர் சொல்', 'வட்டமிடு', 'வண்ணம் தீட்டு' என்று வரும்போதெல்லாம் என் பேத்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அச்சிட்ட பயிற்சி ஏடு என்றைக்கு வகுப்புக்கு வருகிறதோ, அன்றைக்கே அதன் தொட்டுணரும் வடிவமும் வர வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பிரெயில் புத்தகம் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. அதற்குள் மற்றப் பிள்ளைகள் முதல் பருவப் புத்தகத்தை மறந்தே போயிருந்தார்கள். சிறப்புப் பயிற்றுநர்களும் ஊர் ஊராகச் சுற்றி, ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரம் ஒதுக்குவதற்குள் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டிய நிலையில்தான் இருக்கிறார்கள். எழுத்து அறிமுகமாகும் முதல் இரண்டாண்டுகளில் மட்டுமாவது, வாரம் மூன்று நாள்கள் ஒரே ஆள் ஒரே பிள்ளையோடு இருக்க வழிசெய்ய வேண்டும்.

கதைப் புத்தகங்களுக்குத் தடை ஏதுமில்லை என்பதை ஆசிரியர்கள் பலர் அறியவில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பார்வையற்றோர் படிப்பதற்காக எந்த நூலையும் அவர்களுக்கேற்ற வடிவத்தில், இலாப நோக்கமின்றி, மாற்றிக் கொடுக்கலாம். பார்வையற்றோருக்கு நூல்கள் எட்டச் செய்வதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. தென்காசியிலிருந்து ஒரு குழந்தை கதை படிக்க அவ்வளவு தொலைவு போக முடியாது. கிளை நூலகங்களில் பத்துப் பிரெயில் கதைப் புத்தகங்களுக்கு ஓர் அடுக்கு ஒதுக்கினால் போதும்.

கடைசியாக, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரெயில் எழுதக் கனத்த தாள் வேண்டும். சாதாரணத் தாளில் புள்ளி நிற்காது, இரண்டு முறை தடவினால் அமுங்கிவிடும். ஆண்டு முடிந்ததும் நீங்கள் குப்பையில் போடும் மாத நாள்காட்டிகளின் வழவழப்பான கெட்டித் தாள் இதற்கு மிகவும் ஏற்றது. பார்வையற்ற மாணவர்கள் பலர் அதில்தான் எழுதிப் பழகுகிறார்கள். சுருட்டாமல், மடிக்காமல், மேலிருக்கும் தகரப் பட்டையைக் கழற்றிவிட்டு, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பார்வையற்றோர் பள்ளியிலோ வட்டார வள மையத்திலோ சேர்த்துவிடுங்கள். செல்பேசியே போதும் என்று எழுதிய அன்பரின் வீட்டிலும் நான்கைந்து நாள்காட்டிகள் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
தென்காசி மாவட்டம்.